பெரட்டுக்களமும் நரம்பு மண்டலமும்

மலாய் நாட்டுத் தோட்டங்களின் சரித்திரத்தை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் ஏக்கர்க் கணக்கையும், ரப்பரின் ராத்தல் கணக்கையும், பங்கு லாபக் கணக்கையுமே எழுதினார்கள். சற்றுக் கருணையுள்ளோர் காய்ச்சலில் மாண்டோர் தொகையையும் சேர்த்து எழுதினார்கள். ஆனால், சாகாமல் பிழைத்திருந்தும், நாற்பதாம் வயதிலேயே அறுபது வயதுக் கிழவரைப்போல் தளர்ந்துவிட்ட மக்களின் கணக்கை எழுதியவர் அரியர்.

அப்படித் தளர்ந்தவனைக் காணும்போது நம் தோட்டங்களில் சமாதானம் முன்னமே தயாராயிருக்கும். “முனி அடித்துவிட்டது” என்பார் ஒருவர். “பங்காளி வைத்த சூனியம்” என்பார் மற்றொருவர். “தலையெழுத்து” என்பார் மூன்றாமவர். “எல்லாம் கள்ளினால் வந்த வினை” என்று ஆபீசிலிருப்போர் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். இந்நான்கு விடைகளிலும் ஓர் ஒற்றுமை உண்டு. நோய்க்குக் காரணம் நோயாளியிடமோ தெய்வத்திடமோ இருக்கிறதேயொழிய, அவன் வாழ்ந்த வாழ்க்கையின் அமைப்பில் இல்லை என்பதே அது. இது சரிதானா என்பதைக் கோல சிலாங்கூர் முதலிய வட சிலாங்கூர்த் தோட்டங்களின் சரித்திரத்தையும், சென்ற நூறாண்டுகளில் வளர்ந்த நரம்பு சாஸ்திரத்தையும் பக்கத்தில் பக்கமாக வைத்து ஆராய்வதே நமது நோக்கமாகும்.

உடம்பின் காவல்

செம்பனைக் காட்டில் குலை வெட்டப் போகிறவன் காலடியில் ஒரு நாகம் சீறுகிறதென்று வைத்துக்கொள்வோம். அவன் யோசித்து முடிவு செய்வதற்கு முன்னரே உடம்பு தன் காரியத்தைத் தொடங்கிவிடுகிறது. இருதயம் படபடவென்று அடிக்கிறது, மூச்சு விரைகிறது, வாய் வறள்கிறது, வயிற்றில் செரிமானம் தடைப்பட்டு, இரத்தம் கைகால்களின் தசைகளுக்குப் பாய்கிறது, கல்லீரல் தான் சேமித்து வைத்திருந்த சர்க்கரையை இரத்தத்தில் விடுகிறது. எதிர்த்து நிற்கவோ ஓடித் தப்பவோ வேண்டிய பலத்தை ஒரு கணத்தில் திரட்டிக் கொடுக்கும் இவ்வேற்பாட்டை, அமெரிக்காவின் ஹார்வர்ட் சர்வகலாசாலைப் பேராசிரியரான வால்டர் கேனன் 1915-ல் வெளியிட்ட நூலில் விளக்கினார்.

இவ்வேற்பாட்டுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று விரைவானது: மூளையிலிருந்து நரம்புகள் வழியே செய்தி பாய்ந்து, சிறுநீரகங்களின்மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளை எட்டி, அட்ரினலின் என்னும் சுரப்பை இரத்தத்தில் கலக்கச் செய்கிறது. மற்றொன்று சற்று நிதானமானது: மூளையின் அடியிலுள்ள சிறு பகுதியொன்று பிட்யூட்டரிச் சுரப்பிக்கு உத்தரவிட, அது அதே அட்ரினல் சுரப்பியின் மேற்புறத்தைத் தூண்டிக் கார்ட்டிசால் என்னும் சுரப்பை வெளிப்படுத்துகிறது. இரத்தத்தில் சர்க்கரை குறையாமற் காப்பதும், வீக்கத்தை அடக்குவதும் கார்ட்டிசாலின் தொழில்களிற் சில. பாம்பு புதரில் மறைந்தவுடன், “போதும்” என்று மூளை அறிந்துகொள்ளும். சுரப்புகள் தணியும், இருதயம் அமைதியுறும், செரிமானம் மீண்டும் தொடங்கும்.

பாம்பு போய்விடுகிறது. ஆனால், நாள்தோறும் காலையில் எதிரே நிற்கும் அச்சம் போகாவிட்டால் என்ன ஆகும்?

இக்கேள்விக்கு முதல் விடை 1936-ல் கிடைத்தது. கனடாவின் மான்ட்ரீல் நகரில் ஆராய்ச்சி செய்த ஹான்ஸ் செல்யே என்பவர், எலிகளைக் குளிரிலும், காயத்திலும், அளவுக்கு மீறிய ஓட்டத்திலும் வைத்துப் பார்த்தார். துன்பம் எதுவாயினும் உடலின் மாறுதல் ஒன்றுபோலவே இருந்தது. அட்ரினல் சுரப்பி பருத்தது. நோயை எதிர்க்கும் உறுப்புகள் சுருங்கின. இரைப்பையில் புண் கண்டது. முதலில் உடல் திடுக்கிடுகிறது, பிறகு தாங்கிக்கொள்கிறது, இறுதியில் களைத்து விழுகிறது என மூன்று படிகளை அவர் வகுத்தார். பின்னர் புரூஸ் மெக்யூவன் என்னும் அமெரிக்க அறிஞர், கார்ட்டிசாலை ஒத்த சுரப்பு எலியின் மூளையில் ஞாபகத்துக்குரிய பகுதியிலேயே சென்று பற்றுகிறது என்று 1968-ல் காட்டினார். 1993-ல் அவரும் அவர் தோழரும், ஓயாத தற்காப்பினால் உடலில் சேரும் தேய்மானத்துக்குத் தனியே ஒரு பெயரும் கொடுத்தார்கள்.

தேய்மானம் என்பது கணக்கெழுதுவோர் அறிந்த சொல். பால் உருட்டும் யந்திரத்துக்கு ஆண்டுதோறும் தேய்மானம் எழுதிய தோட்டப் புத்தகங்களில், ஆளுக்குத் தேய்மானம் எழுத ஒரு பத்தி இருந்ததில்லை. அந்த விடுபட்ட பத்தியைத்தான் இனி நிரப்பிப் பார்க்கவேண்டும்.

காடு தோட்டமான கதை

சிலாங்கூர் நதி கடலோடு கலக்கும் கோல சிலாங்கூர், சுல்தான்களின் பழம்பதி. அதன் உட்புறக் காடுகள் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பருக்காக அழிக்கப்பட்டன. ரந்தாவ் பாஞ்சாங்கில் தோட்டம் திறந்தவர்களுள் ஹென்றி பொக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரரும் ஒருவர். 1917-ல் அவர் தென்னமரம் தோட்டத்தில் இட்ட செம்பனையே இந்நாட்டின் முதல் வியாபாரச் செம்பனைச் சாகுபடி. மலாயாவைப் பற்றிய நாவலுக்காக அவர் 1930-ல் பிரான்சின் கோன்கூர் பரிசையும் பெற்றார். துரைக்குப் பரிசு கிடைத்தது. காட்டை வெட்டியவர்க்குக் கிடைத்தது வேறு.

ஒப்பந்தக் கூலி முறை 1910-ல் நிறுத்தப்பட்டது. எஞ்சிய ஒப்பந்தங்களும் சில ஆண்டுகளில் முடிந்தன. அதன்பின் கங்காணி முறையே ஓங்கியது. தன் ஊருக்குச் சென்று, தன் உறவினரையும் அண்டையாரையும் திரட்டிவந்த கங்காணியே, தோட்டத்தில் அவர்களுக்கு மேஸ்திரியாகவும், பல இடங்களில் கடன்காரனாகவும் இருந்தான். அவனை விட்டு அகலவும் முடியாது. அவனோடு நிம்மதியாக வாழவும் முடியாது.

1911-ல் மலாய் ஐக்கிய நாடுகளின் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளர் ஆயிரத்துக்கு 60 பேருக்கு மேல் இறந்தார்கள். மலேரியாவும், பேதியும், கொக்கிப்புழுவும் அதற்கு நேர்க் காரணங்கள். கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் 1901 முதல் செய்த வேலையினால், கடலோரச் சதுப்பில் வடிகால் வெட்டினால் மலேரியா குறையும் என்பது விளங்கிற்று. மலைச் சாரலிலோ நிலைமை தலைகீழ். காட்டை வெட்டி ஓடையில் வெயில் படவிட்டதும், வேறு வகைக் கொசு பெருகியது. ஆகவே உலு சிலாங்கூர்ப் பக்கத்து மேட்டுத் தோட்டங்களில் காய்ச்சல் நெடுநாள் நீடித்தது.

இக்காய்ச்சலுக்குக் காரணம் அச்சமென்று நாம் சொல்லவில்லை, கொசுவே காரணம். ஆனால், புதிதாக வந்தவன் எப்படிப்பட்ட உடலோடு அக்காய்ச்சலை எதிர்கொண்டான் என்பதையும் நினைக்கவேண்டும். கடல் கடந்தவன், கடன் பட்டவன், பக்கத்து வீட்டுக்காரன் நேற்று மாண்டதைக் கண்டவன், இரவில் உறக்கமில்லாதவன். 1991-ல் ஷெல்டன் கோஹன் என்பவரும் அவருடைய சகாக்களும், ஆரோக்கியமான மனிதர்களின் மூக்கில் ஜலதோஷக் கிருமியை விட்டுப் பரீட்சித்தபோது, மனநெருக்கடி மிகுந்தோரையே நோய் அதிகம் பற்றியது. ஜலதோஷத்தில் கண்டதை அப்படியே மலேரியாவுக்கு ஏற்றிச் சொல்லுதல் முறையன்று. எனினும், ஓயாத கவலை உடலின் காவற்படையைத் தளர்த்தும் என்பது இன்று ஐயமற நிலைபெற்ற உண்மை.

பேரும் அரைப்பேரும்

விடியுமுன் மணி அடிக்கும். இருட்டிலேயே லயத்திலிருந்து புறப்பட்டுப் பெரட்டுக்களத்தில் வரிசையாக நிற்கவேண்டும். கங்காணி ஆள் எண்ணுவான். கிராணி செக்ரோலில் பேர் போடுவார். தண்டலும் துரையும் பார்த்து நிற்பார்கள். பிந்தி வந்தவனுக்குப் பேர் இல்லை. பால் குறைந்தால் அரைப்பேர். மழை பெய்தால் வெட்டு இல்லை. மரம் எத்தனை வெட்டவேண்டும், எந்த நிரையில் வெட்டவேண்டும், எப்பொழுது வீடு திரும்பவேண்டும் என்பவற்றுள் ஒன்றேனும் வெட்டுபவன் கையில் இல்லை. கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டு வந்த தாய்க்கு, குழந்தை அழுகிறதென்று பாதி நிரையில் திரும்ப அனுமதியும் இல்லை.

1979-ல் ராபர்ட் கராசெக் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர், எத்தகைய வேலை மனிதனை மிகவும் வாட்டுகிறதென்று ஆராய்ந்தார். கடினமான வேலை மட்டும் ஆளைக் கெடுப்பதில்லை. வேலையின் நெருக்குதல் மிகுந்தும், அதை எப்படிச் செய்வது என்று தானே தீர்மானிக்கும் அதிகாரம் குறைந்தும் இருப்பதுதான் மிகவும் கெடுக்கிறது என்பது அவர் முடிவு. அமெரிக்க, ஸ்வீடன் தேசத் தொழிலாளரை வைத்து அவர் கண்ட இம்முடிவை, நமது பெரட்டுக்களத்துக்கென்றே எழுதினாற்போல் வாசிக்கலாம்.

இந்நெருக்குதலோடு நிச்சயமின்மையும் சேர்ந்தது. 1930-ல் ரப்பர் விலை வீழ்ந்தபோது சம்பளம் குறைக்கப்பட்டது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர் சில ஆண்டுகளுக்குள் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். எஞ்சினவர்களுக்கு, அடுத்த பட்டியலில் தன் பேர் இருக்குமோ என்ற ஏக்கம் மிஞ்சிற்று. வந்த துன்பத்தை உடல் ஒருவாறு பழகிக்கொள்கிறது. வருமோ வராதோ என்று காத்திருக்கும் துன்பத்தைப் பழகிக்கொள்ள அதனால் முடிவதில்லை.

சைக்கிளிலிருந்து இறங்கிய மனிதன்

1941-ஆம் ஆண்டுக் கிள்ளான் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளை நம் இளைஞர்கள் ஒருமுறையேனும் வாசிக்கவேண்டும். சீனத் தொழிலாளருக்குச் சமமான சம்பளம், பிள்ளைகளுக்குத் தக்க கல்வி, வைத்திய வசதி, கள்ளுக்கடை ஒழிப்பு, சங்கம் அமைக்கும் உரிமை ஆகியவை அவற்றுள் உண்டு. அவற்றோடு, இழிந்த வார்த்தை பேசும் மேற்பார்வையாளரை நீக்கவேண்டும், தொழிலாளர் பெண்களிடம் தகாத முறையில் நடப்பதை நிறுத்தவேண்டும் என்பனவும் இருந்தன. மேலும் ஒன்று: துரைமார் முன்னும் ஆசிய உத்தியோகஸ்தர் முன்னும் சைக்கிளிலிருந்து இறங்காமல் செல்லத் தொழிலாளரை அனுமதிக்கவேண்டும்!

பட்டணத்தில் வாழ்வோர்க்கு இது அற்பமாகத் தோன்றலாம். கூலி உயர்வு கேட்பவர்கள் சைக்கிளைப் பற்றி ஏன் பேசவேண்டும் என்று நகைப்போரும் உண்டு. அவர்களுக்கு விடை 2004-ல் சாஸ்திரத்திலிருந்தே கிடைத்தது. சாலி டிக்கர்சன், மார்கரெட் கெமனி என்னும் இரு பெண்மணிகள், மனநெருக்கடியையும் கார்ட்டிசாலையும் பற்றிய 208 ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். எல்லாச் சிரமமும் கார்ட்டிசாலை ஒரே அளவில் உயர்த்தவில்லை. பிறர் தன்னைத் தாழ்வாக மதிப்பிடுவதும், அதைத் தடுக்கத் தன்னால் ஆகாமையும் சேர்ந்த இடத்தில்தான் அது மிகமிக உயர்ந்தது. தணியவும் அதிக நேரம் பிடித்தது.

மனைவி மக்கள் பார்த்திருக்கச் சைக்கிளிலிருந்து இறங்கித் தலை குனிந்து நின்றவனின் அவமானம், அவன் இரத்தத்தில் அளந்து பார்க்கத்தக்க ஒரு பொருளாகவே ஓடியிருக்கும். கோரிக்கை எழுதியவர்கள் நரம்பு சாஸ்திரம் படித்தவர்களல்லர். ஆயினும், எது தங்களைத் தின்கிறதென்று அறிந்திருந்தார்கள்.

அவர்களுக்குத் துணைநின்ற ஆர். எச். நாதன் 1941 மே மாதம் கைது செய்யப்பட்டார். பின்னர் நாடு கடத்தப்பட்டார். வேலைநிறுத்தம் சிலாங்கூரில் பரவியது. மே 16-ஆம் தேதி சிலாங்கூரில் அவசரகால நிலை பிரகடனமாயிற்று, துருப்புகள் வந்தன, துப்பாக்கிச் சூட்டில் 5 பேர் உயிரிழந்தார்கள்.

ரயில் பாதையும் முள்வேலியும்

அடுத்த ஆண்டே ஜப்பானியர் ஆட்சி. 1942 முதல் 1943 அக்டோபர் வரை சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடப்பட்டது. மலாயாவிலிருந்து 70,000-க்கு மேற்பட்ட தொழிலாளர் அங்குக் கொண்டுபோகப்பட்டார்கள்; அவர்களுள் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர். காலராவிலும், பேதியிலும், பட்டினியிலும் மாண்டவர்கள் பல்லாயிரவர். போனவர்களின் துன்பம் ஓரளவு எழுதப்பட்டிருக்கிறது. லயத்தில் மீந்திருந்த பெண்களின் துன்பம் எழுதப்படவில்லை. கணவன் இறந்தானா, இருக்கிறானா என்று அறியாமல், தாலியை அறுக்கவும் துணியாமல், மரவள்ளிக் கிழங்கால் பிள்ளைகளைக் காத்தவர்கள் அவர்கள். துக்கத்துக்கு ஒரு முடிவு உண்டு. இந்தக் காத்திருப்புக்கு முடிவு ஏது? திரும்பி வந்தவர்களோ, கதவு தட்டும் ஓசைக்கெல்லாம் திடுக்கிட்டெழுந்தால், “பேய் பிடித்திருக்கிறது” என்று வேப்பிலை அடித்தார்கள். அபாயம் நீங்கிய பின்னும் அபாயத்திலேயே நிற்கும் நரம்புகளின் நிலை அது என்பதை, உலகம் பல யுத்தங்கள் கண்ட பிறகு, 1980-ல் அமெரிக்க மனநோய் மருத்துவ சங்கம் தன் நோய்ப் பட்டியலிற் சேர்த்தது.

மூச்சுவிடுமுன் 1948 ஜூனில் அவசரகாலம் வந்தது. 1960 வரை நீடித்தது. வட சிலாங்கூர் அதன் கொடுமையை நேரே கண்டது. 1948 டிசம்பரில் பத்தாங் காலியருகே சுங்கை ரெமோக் தோட்டத்தில் 24 சீனத் தொழிலாளரைப் பிரிட்டிஷ் துருப்பினர் சுட்டுக் கொன்றார்கள். முள்வேலி, ஊரடங்கு, அரிசிக் கட்டுப்பாடு, சோதனை ஆகிய இவற்றுக்கிடையே ஒரு தலைமுறைக் குழந்தைகள் வளர்ந்தன.

படிதோறும் ஒரு மரணக் கணக்கு

இதெல்லாம் ஏழைகளின் கதை, உத்தியோகம் பார்ப்பவருக்கு இதில் பங்கில்லை என்று கிராணிமார் நினைக்கலாகாது. லண்டனில் 1967-ல் மைக்கேல் மார்மட் முதலியோர் புகழ்பெறச் செய்த ஆராய்ச்சி ஒன்று தொடங்கிற்று. சுமார் 18,000 அரசாங்க உத்தியோகஸ்தரைப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். அவர்களில் பட்டினி கிடந்தவர் எவருமில்லை. எல்லாரும் மாதச் சம்பளக்காரர். ஆயினும், கடைசிப் படியிலிருந்த சேவகர்களின் மரண விகிதம், தலைப்படியிலிருந்த அதிகாரிகளுடையதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்காயிருந்தது. இடையிலிருந்த கிராணிகளோ மேலோரைவிட அதிகமாகவும், கீழோரைவிடக் குறைவாகவும் மாண்டார்கள். புகைபிடித்தல், இரத்தக் கொதிப்பு முதலியவற்றைக் கழித்த பின்னும் வேறுபாட்டின் பெரும்பகுதி நீங்கவில்லை. 1985-ல் தொடங்கிய இரண்டாம் ஆராய்ச்சியில், தன் வேலைமீது தனக்கு அதிகாரமில்லாமை இருதய நோய்க்கு ஒரு காரணமாகத் தென்பட்டது.

மேலே துரைக்கு அஞ்சியும், கீழே தொழிலாளியை அஞ்சவைத்தும் வாழ்ந்த தோட்டத்துக் கிராணியின் இரத்த நாளங்கள் இந்த விதிக்கு விலக்காயிரா. அச்சத்தின்மேல் கட்டிய ஏணியில், உச்சியிலிருப்பவர் ஒழிய ஏனையோர் அனைவரும் ஏதோ ஓர் அளவில் விலை கொடுக்கிறார்கள்.

இன்றைய நிலை

துரைமார் போனார்கள், 1950-களிலும் 60-களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. 1969 முதல் குடியுரிமையில்லாதோர்க்கு வேலைப் பெர்மிட் கட்டாயமானபோது, பல்லாயிரவர் பிறந்த மண்ணையோ வளர்ந்த மண்ணையோ விட்டுக் கப்பலேறினார்கள். ரப்பர் செம்பனையாயிற்று, செம்பனை வீடமைப்பு நிலமாயிற்று. மேரி, சுங்கை திங்கி, நைகல் கார்ட்னர், புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களைச் சேர்ந்த 245 குடும்பங்கள், சொந்த வீட்டுக்காக இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்த வரலாற்றை இப்பகுதியார் அனைவரும் அறிவார்கள். இன்று காட்டில் நிற்பவர்களோ பெரும்பாலும் அயல்நாட்டுத் தொழிலாளர். செக்ரோல் கணினிக்குள் சென்றுவிட்டது. கடனும் ஏஜெண்டும் கடல்கடந்த ஏக்கமும், அன்று நம் பாட்டன்மார்க்கு இருந்தவாறே அவர்களுக்கு இருக்கின்றன.

2019-ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவின் வயது வந்தோரில் 18.3 சதவிகிதத்தினர்க்கு நீரிழிவு. இந்தியரில் அது 31 சதவிகிதத்துக்கு மேல். இதற்கு மனநெருக்கடி ஒன்றே காரணமென்று சொன்னால் அது நாம் கண்டித்த சூனியக்காரன் பேச்சுக்கு நிகராகும். பரம்பரை, உணவு, சீனி, உடலுழைப்பின்மை ஆகிய காரணங்கள் பல. சாஸ்திரம் தன்னைத் தானே திருத்திக்கொள்வது. அதுவே அதன் பெருமை. வயிற்றுப் புண் கவலையினால் மட்டுமே வருவதென்று நெடுநாள் நம்பப்பட்டது. அதற்குப் பெரும்பாலும் ஒரு கிருமியே காரணமென்று ஆஸ்திரேலிய வைத்தியர்களான மார்ஷலும் வாரனும் 1980-களில் காட்டி, 2005-ல் நோபல் பரிசு பெற்றார்கள். ஆயினும், ஓயாது சுரக்கும் கார்ட்டிசால் இரத்தத்தில் சர்க்கரையை உயர்த்தும், வயிற்றைச் சுற்றிக் கொழுப்பைச் சேர்க்கும், இரத்த அழுத்தத்தை ஏற்றும், உறக்கத்தைக் கெடுக்கும் என்பனவற்றில் ஐயமில்லை.

செய்யத்தக்கது யாது?

“மனத்தை அமைதியாக வைத்துக்கொள்” என்று உபதேசிப்பது எளிது. உறக்கமும், நடையும், நண்பரோடு அளவளாவுதலும் நரம்புகளைத் தணிக்கும் என்பது மெய்யே. ஆனால், மாதக் கடைசியில் வீடு இருக்குமா என்று தெரியாதவனுக்கு இவ்வுபதேசம் மட்டும் செய்வது, பாம்பைப் புதரில் விட்டுவிட்டு, “படபடக்காதே” என்று சொல்வதை ஒக்கும். தாயத்தும், பரிகாரமும், டானிக்கும் பாம்பை விரட்டா. கள்ளும் சாராயமும் அச்சத்தை ஓரிரவு மறக்கச் செய்து, மறுநாள் இரட்டிப்பாக்கித் தருகின்றன.

முதலாவது, நமது ஜனங்கள் வெட்கத்தை விடவேண்டும். நாற்பது வயதானவர்கள் அரசாங்கக் கிளினிக்குக்குச் சென்று இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்துக்கொள்ளட்டும். உறக்கமின்மையையும் காரணமற்ற திடுக்கத்தையும் பூசாரியிடம் சொல்லுமுன் வைத்தியரிடம் சொல்லட்டும். இரண்டாவது, நிலையான வீடு, நிச்சயமான மாதச் சம்பளம், தொழிலாளியைக் கலந்து வேலையைத் திட்டமிடும் வழக்கம், சங்கம் ஆகியவற்றைச் சலுகைகளென்று எண்ணாமல், சுகாதார ஏற்பாடுகளென்றே எண்ணிக் கோரவேண்டும். வடிகால் வெட்டியது மலேரியாவுக்கு எப்படி மருந்தாயிற்றோ, அப்படியே இவை நரம்புகளுக்கு மருந்தாகும். மூன்றாவது, மேற்பார்வை செய்யும் நம்மவர், வசைச்சொல் இலவசமென்று எண்ணலாகாது. அதன் விலையை யாரோ ஒருவருடைய இருதயம் கட்டிக்கொண்டிருக்கிறது.

1941-ல் சைக்கிளைப் பற்றிக் கோரிக்கை எழுதியவர்கள் பெரும்பாலும் இன்று நம்மிடையே இல்லை. அவர்கள் கேட்டது நிமிர்ந்து செல்லும் உரிமை. அது மானத்துக்கு மட்டுமன்றி ஆயுளுக்கும் வேண்டியது என்று இன்றைய சாஸ்திரம் சாட்சி கூறுகிறது. நம் தோட்டங்களிலும், தோட்டத்தை விட்டுப் பட்டணம் சேர்ந்த நம் அடுக்குமாடிகளிலும், அஞ்சாமல் விழித்தெழும் காலை நம் பிள்ளைகளுக்குக் கிட்டச் செய்வதே, பெரட்டுக்களத்தில் நின்று தேய்ந்த முன்னோர்க்கு நாம் செலுத்தத்தக்க கடனாகும்.